இரண்டாவது கேமரா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணங்களில் படம் பிடிப்பவர்கள் ஆளுக்கு இரண்டு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவது பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் காலத்தில் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு அழகாக எடுத்தார்கள், இப்போது கட்டணத்தை ஏற்றத்தான் இந்தக் காட்சி என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் மகளுக்குக் கல்யாணம் முடித்த ஓர் அப்பா. செலவுக் கணக்கைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த இரண்டாவது கேமரா என்ன வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பள்ளி முடித்ததும் பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் கையுதவிக்குச் சேர்ந்தேன். அது ஃபிலிம் காலம். இன்று கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி, தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் என்று வேலை ஓடுகிறது. பெண் என்பதால் மணப்பெண் அலங்கார அறைக்குள் பெரும்பாலும் என்னை மட்டும்தான் விடுவார்கள். அங்கே கிடைப்பதைத் தவறவிட்டால் வேறு யாரிடமும் அந்தப் படம் இருக்காது.

அந்தக் காலத்தில் ஒரே கேமரா என்பதே சரியில்லை. எங்கள் ஸ்டூடியோ மாமா (உறவு ஒன்றும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்யாணத்துக்கு இரண்டு எடுத்துப்போவார். சம்பள நாளில் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்க் குடும்பப் படம் எடுத்த நாளில் அவரிடம் இருந்தது இரட்டை லென்ஸ் யாஷிகா. 120 ஃபிலிம், ஒரு சுருளுக்கு 12 படம். பிறகு 35 மி.மீ. கேமராவுக்கு மாறினார், சுருளுக்கு 36 படம். முப்பத்தாறும் முடிந்தால் சுருளைத் திருப்பிச் சுற்ற வேண்டும், பின்மூடியைத் திறக்க வேண்டும், புதுச் சுருளின் நுனியைச் செருகி ஒன்றிரண்டு படத்தை வீணாக ஓட்டி மூட வேண்டும். முகூர்த்தம் அதுவரை காத்திருக்காது. எண்ணிக்கை 30-ஐத் தாண்டியதும் மாமா திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். புதுச் சுருள் போட்டுத் தயாராக வைத்திருக்கும் இரண்டாவது கேமராவை அந்தக் கையில் கொடுப்பதுதான் நான் தொழிலில் கற்ற முதல் வேலை.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. போர்முனைப் புகைப்படங்களுக்குப் பெயர்பெற்ற ராபர்ட் காப்பா 1954 மே 25-ஆம் தேதி வியட்நாமில் கண்ணிவெடியில் இறந்தபோது இரண்டு கேமராவோடுதான் நடந்துகொண்டிருந்தார். கொன்டாக்ஸில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், நிக்கோனில் வண்ண ஃபிலிம். ஒரு சுருளைப் போட்டுவிட்டால் அது முடியும்வரை அந்த வண்ணம், அந்த வேகம் (வெளிச்சத்தை உணரும் திறன்) தான். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கேமரா வேண்டும். டிஜிட்டல் வந்ததும் இந்தக் காரணம் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் அந்த வேகத்தை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, மாற்றலாம், வண்ணப் படத்தைப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கலாம், ஒரு கார்டில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். அப்படியிருந்தும் நான் ஏன் இரண்டு கொண்டுபோகிறேன்?

முதல் காரணம் லென்ஸ். தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில விநாடிகளில் எனக்கு இரண்டு படம் வேண்டும். அட்சதை பறக்கும் மணமேடை முழுவதும், பின்னால் எழுந்து நிற்கும் சொந்தபந்தமும் ஒரு படத்தில். மாப்பிள்ளையின் விரல் முடிச்சுப் போடுவதும், அண்ணன்காரன் தங்கையின் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடிப்பதும் இன்னொன்றில். முதலாவதற்கு 24 மி.மீ. அகல லென்ஸ், அடுத்ததற்குத் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 150, 200 மி.மீ. ஒரே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) லென்ஸைக் கழற்றி மாட்டினால் அதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிடும். ஒரு கேமராவில் 24-70, இன்னொன்றில் 70-200 என்று மாட்டிவைத்தால், ஒன்றை இடுப்பில் இறக்கிவிட்டு மற்றதைத் தூக்க ஒரு மூச்சு நேரம் போதும்.

24-லிருந்து 200 வரை ஒரே லென்ஸில் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறது. நல்ல வெயிலில் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆனால் அந்த மாதிரி லென்ஸ்கள் பலவற்றில் நீளக் கோடியில், அதாவது 200 மி.மீ. பக்கம், வெளிச்சம் நுழையும் துவாரம் f/6.3-க்கு மேல் திறக்காது (f எண் சிறியதானால் துவாரம் பெரியது). என் 70-200 அந்தக் கோடியிலும் f/2.8 திறக்கும். கணக்குப் பார்த்தால் முதலாவது உள்ளே விடுவது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான். விடியற்காலை முகூர்த்தத்தில், மண்டபத்து மஞ்சள் விளக்கில், அந்த ஐந்து மடங்கு என்றால் கையாட்டம் இல்லாத படத்துக்கும் கலங்கிய படத்துக்கும் உள்ள தூரம்.

லென்ஸைக் கழற்றுவதில் நேரத்தைவிடப் பெரிய தொல்லை தூசி. கழற்றியதும் உள்ளே படம் பதியும் சென்சாருக்குப் போகும் வழி திறந்துகிடக்கும். 36-க்கு 24 மி.மீ. கண்ணாடித் துண்டு அது. தோட்டத்துப் பந்தலில் ஹோமப் புகை, சாம்பிராணி, விபூதி, மேலே பெரிய காற்றாடி. ஒரு துகள் ஒட்டினாலும் f/11, f/16-இல் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், வானத்திலோ வெள்ளைச் சுவரிலோ, ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழும். தீமிதிக் குழி ஓரத்தில் காற்றோடு சாம்பல் பறந்துகொண்டிருக்கும்போது லென்ஸ் மாற்றுபவரைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இதோடு நம் நாட்டைப் போன்ற ஈரமான இடங்களில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இங்கே ஈரத்தில் வேலை செய்தால் அது நன்றாகப் புரியும். மணப்பெண் அறையில் ஏர்கோனை 20 டிகிரிக்கு வைத்திருப்பார்கள், முகப்பூச்சு கலையக்கூடாது என்று. கேமராவும் லென்ஸும் அங்கேயே ஒரு மணி நேரம் குளிர்ந்துவிடும். மாப்பிள்ளை ஊர்வலம் வந்துவிட்டது என்று நாதஸ்வரம் கேட்டதும் நான் வெளியே ஓட வேண்டும். வெளிக்காற்றில் உள்ள ஈரம் 23, 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் நீராகப் படிந்துவிடும். லென்ஸ் அப்படியே வெள்ளையாகப் பனி பூத்து நிற்கும். துடைத்தால் மறுபடியும் படியும், தானாகத் தெளிய பல நிமிடம் பிடிக்கும். அதற்குள் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போயிருப்பார்கள். அதனால் ஒரு கேமராவை அறைக்குள் கொண்டுபோவதே இல்லை. வெளியில் நம்பிக்கையான ஒருவரிடம், பெரும்பாலும் மணப்பெண்ணின் அத்தையிடம், பையோடு கொடுத்துவிடுவேன். வாசலில் அதை வாங்கிக்கொண்டு ஓடினால் முதல் படமே தெளிவாக விழும்.

அடுத்தது பழுது. ஷட்டர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும், அசைந்து தேயும் உறுப்பு. நடுத்தர மாடல்கள் சிலவற்றில் ஒன்றரை இலட்சம் முறை அடித்துப் பார்த்துச் சோதித்ததாகத் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மிக உயர்ந்த மாடல்களில் நான்கு இலட்சம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுப்பவருக்கு அந்த எண் நெருங்க அதிக வருடம் ஆகாது. அது எந்த நாளில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என்னுடையது ஒன்று பாத பூஜையின் நடுவில் நின்றது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவத் தண்ணீர்ச் செம்பை எடுக்கிறார், நான் அழுத்துகிறேன், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போய் அப்படியே சிக்கிக்கொண்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டியும் அசையவில்லை. அதைப் பையில் போட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை அது தெரியாது, ஆல்பத்தில் எந்த இடமும் காலியாக இல்லை. இப்போதைய கேமராக்களில் இரண்டு மெமரி கார்டு போட்டு ஒரே படத்தை இரண்டிலும் பதியலாம், அதுவே போதாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எடுத்த படத்தைக் காப்பாற்ற அது மிக நல்ல ஏற்பாடு, எல்லாரும் செய்ய வேண்டும். ஷட்டர் நின்ற பிறகு எடுக்க வேண்டிய படத்துக்கு அது உதவாது.

என் அம்மா இருட்டோடு மரத்துக்குப் போகும்போது பால் வெட்டும் கத்தி இரண்டு வைத்திருப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குள் நிறை (தனக்கு ஒதுக்கிய மர வரிசை) முழுவதையும் வெட்டி முடிக்க வேண்டும். கத்தி மழுங்கினால் நின்று தீட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை, மழுங்கலோடு வெட்டினால் பட்டை காயப்பட்டு மரம் கெட்டுவிடும். அந்த இரண்டாவது கத்தியைப் பார்த்து ஆடம்பரம் என்று எந்தத் தண்டலும் (மேற்பார்வையாளரும்) சொன்னதில்லை.

கட்டணத்தைப் பற்றி வாசகர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு. விலைப்பட்டியலில் "இரண்டு கேமரா" என்று தனி வரி போட்டு இத்தனை வெள்ளி என்று வாங்குவது தவறு. இரண்டு ஆள் வந்து படம் எடுத்தால் அதற்குக் கூலி கூடும், அது நியாயம். ஒரே ஆள் இரண்டு கேமரா கொண்டுவருவது அவர் தொழிலைச் செய்ய வேண்டிய முறை. பணம் கட்டுகிறவர் கட்டாயம் தட்டிக் கேட்கலாம். அதே நேரம் முன்பணம் கொடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: "கேமரா பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் மகள் கல்யாணத்தை ஒப்படைக்க வேண்டாம்.

கேமராவை ஆட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார். அதுவும் உண்மை. தொங்கும் 70-200 லென்ஸ் சரியாக ஐந்து வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும். ஒன்றரைக் கிலோ. பாடியையும் சேர்த்தால் இரண்டு கிலோவுக்கு மேல். கூட்டத்தில் நடக்கும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர் இரண்டு கேமரா தூக்கக்கூடாது. கழுத்தில் மாட்டாமல் இரண்டு தோளிலும் பட்டை போட்டு இடுப்போரமாக இறக்கிக்கொண்டால் ஆடுவதும் குறையும், இரவு முதுகு பிடிப்பதும் குறையும். இரண்டு பாடி, இரண்டு லென்ஸ், ஒரு ஃப்ளாஷ் என்று சேர்த்தால் நான்கு கிலோவைத் தாண்டும். காலை நான்கு மணியிலிருந்து பந்தி முடியும்வரை அதைச் சுமக்கும் எங்கள் பெண்பிள்ளைகளின் தோளைப் பார்த்தால், காட்சிக்காகச் சுமக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்ல மனம் வராது.

கோயில் கமிட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தீமிதியிலும் காவடி ஊர்வலத்திலும் "ஒருவருக்கு ஒரு கேமரா" என்று சில இடங்களில் இப்போது விதி வைக்கிறார்கள். நெரிசலைக் குறைக்கத்தான் என்று புரிகிறது, பக்தர்களுக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த விதி நெரிசலைக் கூட்டத்தான் செய்யும். ஒரே கேமராவில் அகல லென்ஸோடு நிற்பவர், அலகு குத்துவதைக் கிட்டத்தில் எடுக்க வேண்டுமானால் பக்தரின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பார். பிறகு கூட்டத்தை எடுக்கப் பின்னால் வருவார். முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருப்பார். இரண்டு கேமரா உள்ளவர் கயிற்றுக்கு வெளியே ஓர் இடத்தில் நின்றே இரண்டையும் எடுத்துவிடலாம். படம் பிடிக்க வரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், அவர்கள் நிற்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் வெளியே அனுப்புங்கள். கையில் எத்தனை கேமரா என்று எண்ண வேண்டாம்.

எல்லா இடத்துக்கும் இரண்டு வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. துக்க வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒன்றுதான், சின்ன 35 மி.மீ. லென்ஸ், ஃப்ளாஷ் கிடையாது. வயதானவர்களை அவர்கள் வீட்டில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே எடுக்கும்போதும் ஒன்றுதான். இரண்டு கறுப்பு இயந்திரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றால் பாட்டிகள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு விறைத்துப் போவார்கள். அவர்கள் முகம் இளகுவதைவிட எந்த லென்ஸும் முக்கியம் இல்லை.

ஆனால் லயம் இடிபடும் நாளுக்கு இரண்டும் வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வருகிறது. ஒரு லயத்தைக் காலி செய்யும் நாளில் மின்சாரத்தை முன்பே வெட்டியிருப்பார்கள், பேட்டரி ஏற்ற வழி கிடையாது. ஒரு பக்கம் லோரியில் சாமான் ஏறுகிறது. இன்னொரு பக்கம் மாரியம்மன் சிலையை எடுத்துப்போகப் பூசாரி வந்துவிடுகிறார். நடுவில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வாசற்படியில் நின்று கடைசியாக ஒரு படம் கேட்கிறது. நான் போன இடத்தில் குடும்பப் படங்களுக்கு 50 மி.மீ. மாட்டிய கேமரா ஒன்று, லயத்து வரிசை முழுவதும் லோரியும் கோயிலும் விழ அகல லென்ஸ் மாட்டிய கேமரா இன்னொன்று. ஒன்றின் பேட்டரி மதியத்துக்கே தீர்ந்தது, மற்றதை வைத்து முடித்தேன். மறுநாள் போய் விட்டதை எடுக்கலாம் என்பதற்கு அங்கே வீடு இல்லை. அந்தப் படங்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்ததும் எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த நாளில் அதே மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் பாட்டிக்கு அந்த வயதில் எடுத்த படம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவசரகாலத்தில் எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்களே, அதற்காக எடுத்தது. பாட்டி கல்யாணத்துக்குப் படம் கிடையாது, தாத்தாவோடு நிற்கும் படம் கிடையாது. என் அம்மாவுக்கு ஸ்டூடியோ மாமாவின் பன்னிரண்டு படச் சுருளில் ஒன்று கிடைத்தது. அதில் அம்மா கண்ணை மூடிவிட்டார், அடுத்த வீட்டார் வரிசையில் நின்றதால் இன்னொன்று எடுக்கவில்லை. இவ்வளவு குறைவாகப் பதிவான மக்களுக்குப் படம் எடுக்கப் போகும்போது "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே கேமராவோடு கிளம்ப எனக்குத் துணிவு இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு: காசு சேர்ந்ததும் அடுத்த விலையுயர்ந்த லென்ஸைப் பார்க்காதீர்கள். முதலில் இரண்டாவது பாடியை வாங்குங்கள். புதியது வேண்டாம், இரண்டு தலைமுறை பழைய மாடல் போதும், புதிய 70-200 லென்ஸ் விலையில் சிறு பங்குதான் ஆகும். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கேமராவின் லென்ஸும் பேட்டரியும் அப்படியே பொருந்த வேண்டும், நிக்கோன் ஒன்று, கேனன் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆபத்தில் ஒன்றுக்கொன்று உதவாது. சின்ன சென்சார் உள்ள பாடி கிடைத்தாலும் நல்லதுதான். அதில் 200 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 300 மி.மீ. போலப் பார்க்கும், மேடைக்குத் தூரத்தில் நிற்கும்போது அது வரப்பிரசாதம். கிளம்பும் முன் இரண்டின் கடிகாரத்தையும் விநாடிவரை ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் கணினியில் நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்குவார். வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் இரண்டிலும் ஒரே எண்ணில் நிறுத்துங்கள், பட்டுச்சேலை இரண்டு நிறத்தில் வராது. வேலை இல்லாத நாளில் இரண்டையும் ஈரம் 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் பெட்டியில் வையுங்கள். அலமாரியில் போட்டு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர்ந்துவிடும்.

வாங்க முடியாதவர்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்ளலாம். நானும் பக்கத்து ஊரில் இருக்கும் இரண்டு தம்பிகளும் அப்படித்தான் செய்கிறோம். ஒருவருக்கு முகூர்த்தம் இல்லாத நாளில் அவருடைய பாடி மற்றவரின் பையில் இருக்கும். கோலகங்சார், ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு முகூர்த்த நாளில் இரண்டாவது கேமரா இல்லையென்றால் என்னிடம் கேட்கலாம். ஆசிரியர் அலுவலகத்தில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். வாடகை வேண்டாம். கார்டைக் கழற்றிக்கொண்டு, பேட்டரி ஏற்றி, மறுநாள் மாலைக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும், அடுத்தவருக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.